குறைந்த செலவில் நிறைந்த வெளிச்சம்

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் நிகழ்த்திய உரை)

 

பொழுது சாய்ந்துவிட்டால் கிராமத்தில் வேலை ஓய்ந்துவிடுவதில்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். வெட்டிய கரும்பை ஏற்றிய டிராக்டர் பல சமயங்களில் இரவில்தான் ஆலையை நோக்கிப் புறப்படுகிறது. காய்கறி மூட்டைகள் விடியுமுன் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். பிரசவ வேதனை கண்ட பெண்ணையும், பாம்பு தீண்டியவரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, நேரம் காலம் பார்க்க முடியாது. அதே சாலையில் விளக்கில்லாத சைக்கிளும், மாட்டு வண்டியும், வேலை முடிந்து வீடு திரும்பும் கூலியாட்களும் வருகிறார்கள். தெரு விளக்கோ ஊர் எல்லையோடு நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் வண்டியின் முகப்பு விளக்கு ஒன்றே வழிகாட்டி.

அந்த விளக்கு மங்கலாக எரிகிறது என்று பலர் குறைப்படுவதைக் கேட்கிறேன். உடனே அவர்கள் நாடுவது பெரிய பல்பு. கடைக்குப் போய், இருப்பதிலேயே கண்ணைப் பறிக்கும் பல்பை வாங்கி மாட்டிவிட்டால் காரியம் முடிந்தது என்று எண்ணுகிறார்கள். அது சரியான வழி அன்று. புதிய வெளிச்சத்தை விலைக்கு வாங்குமுன், வண்டியில் ஏற்கெனவே இருக்கும் வெளிச்சம் எங்கே வீணாகிறது என்று பார்க்க வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது இதுவே.

எவ்வளவு தூரம் தெரிய வேண்டும்?

முதலில் ஒரு சிறு கணக்கு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் தூரம் ஓடிவிடுகிறது. எதிரே ஒருவர் நிற்பதைக் கண்டு, மனம் உணர்ந்து, கால் பிரேக்கை மிதிக்க ஒன்றரை விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் வண்டி 25 மீட்டர் போய்விடும். பிரேக் பிடித்து நிற்க, உலர்ந்த நல்ல சாலையிலும் ஏறக்குறைய இன்னொரு 25 மீட்டர் வேண்டும். ஆக, 50 மீட்டருக்கு முன்பே ஆள் கண்ணுக்குத் தெரிந்தால்தான் அவர் பிழைப்பார். வேகத்தை 40 கிலோமீட்டராகக் குறைத்தால் 30 மீட்டருக்குள் நின்றுவிடலாம். விளக்கு எட்டும் தூரத்திற்குள் நிறுத்தக்கூடிய வேகமே இரவுக்கு உரிய வேகம். இதற்கு ஒரு காசும் செலவில்லை. வெளிச்சத்தைப் பெருக்கும் வழிகளை இதற்கு அடுத்தபடியாகவே கருத வேண்டும்.

முதற் செலவு தண்ணீரும் துணியும்

விளக்கின் முகப்புக் கண்ணாடியில் படியும் புழுதியும் பூச்சிகளும் வெளிச்சத்தில் கணிசமான பகுதியை விழுங்கிவிடுகின்றன. நம் மண் சாலைகளில் ஓடும் வண்டிக்கு இதைச் சொல்லவே வேண்டியதில்லை. இரவில் புறப்படுமுன் விளக்கின் முகப்பையும், ஓட்டுபவருக்கு முன்னுள்ள பெரிய கண்ணாடியையும் உள்ளும் புறமும் ஈரத்துணியால் துடைப்பதை வழக்கமாகக் கொள்ளுங்கள். பெரிய கண்ணாடி அழுக்காக இருந்தால் எதிரே வரும் வண்டியின் ஒளி அதில் சிதறி, சாலையே மறைந்துபோகும்.

பழைய ஜீப்புகளிலும், 2014 ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர் கார்களிலும் இருப்பவை ஏழு அங்குல வட்ட விளக்குகள். அவற்றின் முகப்பு கண்ணாடியால் ஆனது, கழுவினால் போதும். பிற்காலத்துக் கார்களில் முகப்பு பிளாஸ்டிக்கினால் ஆனது. ஆண்டுக்கணக்கில் வெயில் பட்டு அது மஞ்சளித்து மங்கிவிடும். நீர் விட்டுக்கொண்டே முதலில் 1000, பிறகு 2000, அதன்பின் 3000 எண் கொண்ட உப்புத்தாள்களால் வரிசையாகத் தேய்த்து, கடைசியில் பாலிஷ் இட்டால் தெளிவு திரும்பும். அதன்மேல் வெயிலைத் தாங்கும் பூச்சு ஒன்றும் பூச வேண்டும். பூசாவிட்டால் விரைவிலேயே மறுபடியும் மஞ்சளிக்கும். பற்பசையால் தேய்ப்பது சில நாட்களுக்குப் பளபளப்பைத் தருமேயன்றி நிலையான பயன் தராது.

ஓர் எச்சரிக்கை. விளக்கின் உள்ளே வெள்ளி போல் மின்னும் குழிந்த பரப்பைத் துணியால் தேய்க்காதீர்கள். அது மிக மெல்லிய அலுமினியப் பூச்சு, தேய்த்தால் பெயர்ந்துவிடும். அது கறுத்துப்போயிருந்தால் எந்தப் பல்பும் அதற்கு உதவாது. விளக்கின் கூட்டையே மாற்றுவதுதான் வழி.

கடைமடைக்கு வராத தண்ணீர்

கிணற்றில் நீர் நிறைய இருக்கிறது. மோட்டாரும் நன்றாக இறைக்கிறது. ஆனால் வாய்க்கால் நெடுக வளைகளும் உடைப்புகளும் இருந்தால் கடைமடை வயலுக்கு என்ன வந்து சேரும்? அந்த விவசாயி கிணற்றை ஆழப்படுத்துவதில் பயனுண்டா? வாய்க்காலையல்லவா செப்பனிட வேண்டும்! வண்டி விளக்கின் கதையும் இதுதான். பாட்டரி கிணறு, கம்பி வாய்க்கால், பல்பு கடைமடை.

பழைய வண்டிகளில் மின்சாரம் பாட்டரியிலிருந்து நேரே பல்புக்குப் போவதில்லை. விளக்கு ஸ்விட்சுக்குப் போய், அங்கிருந்து டிம் பிரைட் ஸ்விட்சுக்குப் போய், பின்பு நீண்ட மெல்லிய கம்பி வழியாக விளக்கை அடைந்து, வண்டியின் உடம்பு வழியாகத் திரும்புகிறது. ஒவ்வோர் இணைப்பிலும் துருவும் பாசியும் ஏறியிருக்கும். இஞ்சின் ஓடும்போது பாட்டரி முனையில் பதினான்கு வோல்ட் அளவில் இருக்கும் அழுத்தம், பல்பை அடையும்போது பன்னிரண்டாகவோ அதற்கும் குறைவாகவோ ஆகிவிடலாம்.

இரண்டு வோல்ட்தானே என்று எண்ணிவிடாதீர்கள். இழை எரியும் பல்பில் அழுத்தம் நூற்றுக்குப் பத்து குறைந்தால் வெளிச்சம் நூற்றுக்கு முப்பது குறையும். அழுத்தம் நூற்றுக்கு இருபது குறைந்தால் வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடும். பல்பு மஞ்சளாகச் சோர்ந்து எரிவதன் காரணம் பெரும்பாலும் இதுவே.

இதைக் கண்டறிய மல்டிமீட்டர் என்னும் சிறு கருவி போதும். சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். இஞ்சினை ஓட்டி, விளக்கைப் போட்டு, பாட்டரியின் இரு முனைகளில் அளவெடுங்கள். பிறகு எரிந்துகொண்டிருக்கும் பல்பின் முனைகளில் அளவெடுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அரை வோல்ட்டுக்குள் இருந்தால் குறையில்லை. ஒரு வோல்ட்டோ அதற்கு மேலோ இருந்தால் உங்கள் வெளிச்சம் கம்பியிலேயே சூடாகி வீணாகிறது என்று பொருள்.

முதலில் பாட்டரி முனைகளில் பூத்திருக்கும் வெண்மையை வெந்நீரால் கழுவி, முனைகளை இறுக்குங்கள். இஞ்சின் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அடுத்து எர்த். விளக்கின் எர்த் கம்பி தகட்டில் திருகப்பட்டிருக்கும் இடத்தில் துருவையும் பெயிண்ட்டையும் சுரண்டி, பளிச்சென்று இரும்பு தெரியச் செய்து, மறுபடியும் இறுக்கி, மேலே சிறிது கிரீஸ் தடவுங்கள். சில வண்டிகளில் இந்த அரைமணி நேர வேலையே விளக்கைப் புதுப்பித்துவிடும்.

ரிலே என்னும் மதகு

இவ்வளவு செய்தும் அழுத்தம் குறைவாகவே இருந்தால் ரிலே பொருத்த வேண்டும். ரிலே என்பது மின்சாரத்தாலேயே திறந்து மூடும் சிறு மதகு. பழைய ஸ்விட்சின் வழியாக வரும் சொற்ப மின்சாரம் அதைத் திறக்கும். பல்புக்கு வேண்டிய பெருமின்சாரம் பாட்டரியிலிருந்து குறுக்கு வழியில் நேரே பாயும். 60 வாட் பல்புகள் இரண்டும் சேர்ந்து இழுக்கும் 10 ஆம்பியர் சுமை ஸ்விட்சிலிருந்து நீங்கிவிடுவதால், ஸ்விட்சு சூடாகிக் கருகுவதும் நிற்கும்.

டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலேக்கள் வேண்டும். ரிலேயின் கால்களில் எண்கள் பொறித்திருக்கும். 30 என்ற காலுக்குப் பாட்டரியிலிருந்து வரும் கம்பி. 87 என்ற காலிலிருந்து பல்புக்குப் போகும் கம்பி. 85, 86 ஆகிய கால்களில் ஒன்றுக்குப் பழைய விளக்குக் கம்பி, மற்றொன்றுக்கு எர்த். பல்புக்குப் போகும் கம்பியும், பல்பிலிருந்து வரும் எர்த் கம்பியும் 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பிகளாக இருக்கட்டும். பாட்டரியை ஒட்டியே, ஒவ்வொரு ரிலேக்கும் ஒரு 15 ஆம்பியர் பியூஸ் கட்டாயம் இருக்க வேண்டும். பியூஸ் இல்லாமல் பாட்டரியிலிருந்து கம்பி இழுப்பது வண்டிக்குத் தீ வைப்பதற்குச் சமம்.

கம்பிகளும் ரிலேக்களும் சேர்ந்த தொகுப்பாகவே கடைகளில் கிடைக்கிறது. தேர்ந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கொண்டு பொருத்திக்கொள்ளுங்கள். கணினி அமைப்புள்ள புதிய கார்களிலும், உத்தரவாதக் காலம் முடியாத வண்டிகளிலும் இந்த வேலையைச் செய்ய வேண்டாம். அவற்றில் இதற்குத் தேவையும் பெரும்பாலும் இராது.

பல்பைத் தேர்ந்தெடுப்பது

வாய்க்காலைச் செப்பனிட்ட பின்பே பல்பைப் பற்றிப் பேச வேண்டும். நம் பழைய கார், ஜீப்புகளில் பரவலாக உள்ளது எச்4 என்னும் ஹாலஜன் பல்பு. ஐரோப்பாவில் 1971 ஆம் ஆண்டு வந்த இந்தப் பல்பில் இரண்டு இழைகள் உண்டு. பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட். பல்பு பழையதாகி உள்ளே கறுத்திருந்தால், நல்ல தயாரிப்பில் அதே அளவுள்ள பல்பை வாங்கி, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். மாட்டும்போது பல்பின் கண்ணாடியை விரலால் தொடக் கூடாது. விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் அதிகம் சூடேறி, பல்பு சீக்கிரம் கெட்டுவிடும்.

விலை குறைவு என்று ஆசை காட்டும் மூன்று பொருள்களை விலக்குங்கள்.

ஒன்று, 100 வாட் பல்பு. இரண்டு பல்பும் சேர்ந்து 16 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பழைய கம்பி இதைத் தாங்காது. பல்பு மாட்டும் கவ்வி உருகும். உள்ளிருக்கும் அலுமினியப் பூச்சும் கருகும். கம்பியில் நேரும் இழப்பு இன்னும் கூடுவதால், எதிர்பார்த்த வெளிச்சமும் கிடைக்காது.

இரண்டு, நீலம் பூசிய பல்பு. பூச்சு, உள்ளிருந்து வரும் ஒளியில் ஒரு பகுதியைத் தடுத்துவிடுகிறது. வெண்மை கூடியதாகத் தோன்றும், வெளிச்சம் குறையும்.

மூன்று, ஹாலஜன் கூட்டில் மாட்டும் எல்.இ.டி. பல்பு. இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். எச்4 பல்பின் மெல்லிய இழை எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பதைக் கொண்டே அந்தக் கூட்டின் வளைவு அமைக்கப்பட்டிருக்கிறது. டிம் இழைக்குக் கீழே உள்ள சிறு மறைப்புத் தகடுதான் ஒளி மேலெழாமல் தடுக்கிறது. ஒளி புறப்படும் இடமும் வடிவும் மாறினால் ஒளி கண்டபடி சிதறும். வண்டிக்கு முன்னால் பத்து மீட்டரில் பால் வார்த்தாற்போல் வெளிச்சம் விழும். அதைக் கண்டு கண்மணி சுருங்குவதால், அப்பால் உள்ள இருட்டு இன்னும் இருட்டாகத் தெரியும். எதிரே வருபவருக்கோ கண் கூசி ஒன்றும் தெரியாது. எல்.இ.டி. வேண்டுமென்றால், அதற்கென்றே வடிவமைத்து, முறைப்படி அங்கீகாரம் பெற்ற முழு விளக்கை வாங்குங்கள். அதுவும் நம் நாட்டைப் போல் சாலையின் இடப்பக்கம் செல்லும் நாடுகளுக்கு உரியதாக இருக்க வேண்டும். வலப்பக்கம் செல்லும் நாடுகளுக்காகச் செய்த விளக்கு, எதிரே வருபவரின் முகத்தை நோக்கி ஒளியை ஏற்றிக் காட்டும்.

சட்டத்தையும் நினைவில் வையுங்கள். வண்டியின் அமைப்பைத் தயாரிப்பாளரின் குறிப்புக்கு மாறாகத் திருத்துவதை 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆவது பிரிவு தடுக்கிறது. முகப்பு விளக்கின் ஒளி பிறர் கண்ணைக் கூசச் செய்யாதபடி கீழ்நோக்கித் தாழ்ந்திருக்க வேண்டும் என்று 1989 ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன.

சுவரில் ஒரு கோடு

இனிச் சொல்லப்போவதுதான் எல்லாவற்றிலும் மலிவானது. எல்லாவற்றிலும் பயன் மிக்கது. விளக்கு சரியான திசையில் பார்க்க வேண்டும்.

சமதரையில், ஒரு சுவரை ஒட்டி வண்டியை நிறுத்துங்கள். டயர்களில் காற்று சரியாக இருக்கட்டும். வழக்கமான சுமையும் இருக்கட்டும். இரு விளக்குகளின் நடுப்புள்ளிக்கும் நேராகச் சுவரில் குறியிடுங்கள். பின்பு வண்டியை நேராகப் பத்து மீட்டர் பின்னுக்குக் கொண்டுபோங்கள். சுவரில், குறிக்குப் பத்து சென்டிமீட்டர் கீழே குறுக்குக் கோடு ஒன்று போடுங்கள். டிம் விளக்கைப் போட்டால் ஒளியின் மேல் விளிம்பு அந்தக் கோட்டில் படிய வேண்டும்; இடப்பக்கம் மட்டும் சற்று ஏறியிருக்கலாம். அப்படியில்லையானால், விளக்கின் ஓரத்திலோ பின்புறத்திலோ உள்ள திருகாணிகளைத் திருகிச் சரிசெய்யுங்கள். வண்டியிலோ கையேட்டிலோ வேறு அளவு குறித்திருந்தால் அதையே கொள்ளுங்கள்.

இந்தப் பத்து சென்டிமீட்டரின் அருமையைப் பாருங்கள். விளக்கு தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், ஒளி 70 மீட்டர் தூரம் சென்று தரையைத் தொடும். பத்துக்குப் பதிலாக முப்பது சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தால் 23 மீட்டரிலேயே தரையில் விழுந்துவிடும். நிறுத்துவதற்கு 50 மீட்டர் வேண்டும் என்று முதலில் கணக்கிட்டோம். இங்கே 23 மீட்டர்தான் தெரிகிறது. எத்தனை விலையுள்ள பல்பு மாட்டினாலும் இந்தக் குறை தீராது. மாறாக, ஒளி பத்து சென்டிமீட்டர் மேல்நோக்கி எழுந்திருந்தால், 50 மீட்டருக்கு அப்பால் அது 120 சென்டிமீட்டர் உயரத்தில், எதிரே வரும் காரோட்டியின் கண்ணுக்கு நேராக இருக்கும். பின்புறம் மூட்டைகளை ஏற்றினால் வண்டியின் மூக்கு தூக்கிக்கொண்டு இதே கேடு விளையும்.

டிராக்டர் வைத்திருப்போருக்கு

டிராக்டரின் பின்புறம், உழும்போது பார்ப்பதற்காக வெள்ளை விளக்கு ஒன்று இருக்கும். சாலையில் ஏறியவுடன் அதை அணைத்துவிடுங்கள். பின்னால் வருபவரின் கண்ணை அது கூசச் செய்வதோடு, எதிரே ஏதோ வண்டி வருவதாகவும் அவரை மயங்கச் செய்யும்.

டிரெய்லரின் பின்னே சிவப்பு விளக்கும் சிவப்புப் பிரதிபலிப்பானும் இருப்பது சட்டப்படி அவசியம். கரும்பும் வைக்கோலும் நெடுக நீட்டிக்கொண்டு அவற்றை மறைத்துவிடுவதைப் பார்க்கிறோம். பாரம் ஏற்றியபின் பத்தடி தள்ளி நின்று, அவை கண்ணுக்குத் தெரிகின்றனவா என்று பாருங்கள். டிரெய்லரின் பின்புறமும் பக்கங்களிலும் ஒளி திருப்பும் பட்டைகளை ஒட்டுங்கள். மாட்டு வண்டிக்கும் இது பொருந்தும். பிறர் வெளிச்சத்திலேயே நம்மைக் காட்டிக்கொடுக்கும் பட்டைக்கு மின்சாரம் வேண்டியதில்லை. டிராக்டரில் கண்டபடி கூடுதல் விளக்குகளைப் பொருத்த வேண்டாம். அதன் ஆல்டர்னேட்டர் அவ்வளவையும் தாங்காவிட்டால் பாட்டரி இறங்கி, காலையில் இஞ்சின் கிளம்பாது.

முதிய ஓட்டுநர்களுக்கும் ஒரு வார்த்தை. அறுபது வயதுக் கண்ணுக்குள் புகும் ஒளி, இருபது வயதுக் கண்ணுக்குள் புகுவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். விளக்கைச் சீர்செய்தும் இரவில் தெளிவு போதாதென்றால், ஒர்க்‌ஷாப்பை விட்டுக் கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பஞ்சாயத்து செய்யக்கூடியது

உறுப்பினர்களே, இதில் உங்களுக்கும் பங்கு உண்டு. உங்கள் ஊரில், சமமான தரையை அடுத்துள்ள பொதுச் சுவர் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதற்குப் பத்து மீட்டர் தள்ளித் தரையில் ஒரு கோடு. சுவரில் உயர அளவுகள். இவ்வளவே வேண்டியது. பெயிண்ட் செலவு மட்டுந்தான். மல்டிமீட்டர் ஒன்றையும் வாங்கி வையுங்கள். ஐ.டி.ஐ.யில் பயின்ற இளைஞர் ஒருவரை அழைத்து, அறுவடைப் பருவம் தொடங்குமுன் ஒரு நாள் அந்தியில் ஊரிலுள்ள வண்டிகள் அனைத்தையும் வரிசையாக நிறுத்திச் சோதியுங்கள். ஒரு வண்டிக்குக் கால்மணி நேரம் போதும். கரும்பு ஏற்றும் டிராக்டர்களும், நோயாளியைக் கொண்டுபோகும் வாடகை வண்டிகளும் முதலில் வரட்டும்.

நம் வண்டியின் விளக்கு நமக்கு மட்டும் உரியதன்று. எதிரே வருபவருக்கு அது வழி விட வேண்டும். ஓரமாக நடப்பவரை அது நமக்குக் காட்ட வேண்டும். எதிரே வண்டி வருவது தெரிந்தவுடன் டிம் செய்யுங்கள். வேகத்தைத் தணியுங்கள். துடைத்த கண்ணாடி, சுத்தமான எர்த், சரியான பல்பு, சுவரில் பார்த்துத் திருத்திய திசை ஆகிய நான்கையும் இந்த மாதத்திற்குள் உங்கள் வண்டியில் செய்து முடியுங்கள். அடுத்த கூட்டத்தில் சந்திக்கும்போது, எந்தெந்த ஊரில் சுவரில் கோடு போட்டாயிற்று என்பதை உறுப்பினர்கள் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.